பல்ஸைப் புகழ்ந்தது சரி, ரிசீவரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ பற்றி, அதாவது மிகக் குறுகிய பல்ஸ்களை (அலைத் துடிப்புகளை) மிக அகலமான அலைவரிசையில் அனுப்பும் ரேடியோ பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கத்தில் போனால் தானே திறக்கும் கார், தொலைந்த பையைத் தேடித் தரும் வில்லை, மொபைல் திரையில் திசை காட்டும் அம்பு என்று நன்றாகவே தொடங்கியிருந்தார்கள். நடுவில்தான் இடித்தது. பல்ஸ் மிகச் சிறியது என்பதால் சுவரில் பட்டு வரும் எதிரொலிகள் இந்த ரேடியோவை ஒன்றும் செய்யாது என்ற பொருளில் ஒரு வரி போட்டு, அதோடு அந்த விஷயத்தை முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் தொலைபேசித் துறையில் டிரான்ஸ்மிஷன் பிரிவில் காலம் தள்ளியவன். எதிரொலியோடு மல்லுக்கட்டுவதுதான் எங்கள் பிழைப்பே. அதனால் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேடியோ அலை ஒரு நானோசெகண்டில் 30 சென்டிமீட்டர் போகும். 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்பும் பல்ஸ் ஏறத்தாழ 2 நானோசெகண்ட் நீளம், அதாவது காற்றில் 60 சென்டிமீட்டர். நேராக வருவதைவிட 60 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றிவரும் எந்த எதிரொலியும் தனியாகத் தெரியும். சாதாரண ரேடியோவில் இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சிக்னலே இல்லாமல் போய்விடும். அல்ட்ரா வைட்பேண்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் தனித்தனியாகத் தெரிவது வேறு, இல்லாமல் போவது வேறு. பல்ஸ் குறுகக் குறுக, முன்பு ஒன்றிரண்டாகத் தெரிந்த எதிரொலி பத்து இருபதாகப் பிரிந்து தெரியும். அந்த இருபதையும் யாராவது சமாளித்தாக வேண்டும். அந்த வேலை ரிசீவர் தலையில்தான் விழுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். அறைக்குள் விநாடிக்கு 10 கோடி பிட் அனுப்புகிறோம் என்று வையுங்கள். பிட்டுக்குப் பிட் 10 நானோசெகண்ட். எதிர்ச்சுவரில் பட்டு, நேர் அலையைவிட 3 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் அலை சரியாக 10 நானோசெகண்ட் தாமதித்து, அடுத்த பிட்டின் தலையில் வந்து உட்காரும். அதே அறையில் விநாடிக்கு 10 லட்சம் பிட் மட்டும் அனுப்பினால் பிட்டுக்குப் பிட் 1000 நானோசெகண்ட் இருக்கும், எதிரொலி வந்து அடங்கியும் போயிருக்கும். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்குத் தெரு நெடுகக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது இதைக் காதாலேயே கேட்கலாம். நிறுத்தி நிதானமாக அறிவிப்பவர் சொல்வது எல்லாருக்கும் புரியும். மூச்சுவிடாமல் பேசுகிறவர் சொல்வது, அவர் சொன்ன முந்தின வார்த்தையோடு கலந்து ஒருத்தருக்கும் புரியாது. ஆக, எதிரொலி தொல்லையா இல்லையா என்பது பல்ஸின் நீளத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. எவ்வளவு வேகமாக அனுப்புகிறோம், இடத்தில் எதிரொலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பில், குறுந்தூர ரேடியோவுக்குத் தரம் வகுக்க அமைத்த 802.15.3ஏ குழு, எதிரொலி எப்படி விழும் என்பதற்கு நான்கு வகை மாதிரிகள் வகுத்தது. 4 மீட்டருக்குள், ஒன்றையொன்று பார்க்கும்படி இருக்கும் கருவிகளுக்கு எதிரொலிப் பரவல், அதாவது எதிரொலிகள் முன்பின்னாகச் சிதறி வரும் கால அளவு, சராசரியாக 5 நானோசெகண்ட். மிக மோசமான, எல்லாம் மறைந்திருக்கும் நிலைக்கு 25. பரவல் 25 என்றால் வால் அதைப்போலப் பல மடங்கு நீளும். விநாடிக்கு 10 கோடி பிட் வேகத்தில் ஒரு பிட்டின் வால் அடுத்த பத்துப் பிட்டுகள்வரை கூடத் தொடரும். எதிரொலிகள் ஒரே சீராகவும் வராது, கொத்துக் கொத்தாக வரும். இதை 1987லேயே சாலே, வாலென்சுவெலா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் அளந்து எழுதிவிட்டார்கள். மேலே சொன்ன நான்கு மாதிரிகளும் அவர்கள் போட்ட அடித்தளத்தில் நிற்பவைதான்.

சரி, சத்தமாக அனுப்பி எதிரொலியை அமுக்கலாமே என்றால் சட்டம் விடாது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2002ல் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டபோது, மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம் என்று உச்சவரம்பு போட்டது, அதாவது ஒரு மில்லிவாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முழு 7.5 கிகாஹெர்ட்ஸையும் நிரப்பி அனுப்பினாலும் மொத்தம் அரை மில்லிவாட்டுக்குச் சற்றுதான் கூட வரும். சத்தமாக அனுப்பினாலும் எதிரொலியும் அதே அளவு கூடத்தான் செய்யும் என்பது வேறு விஷயம். இவ்வளவு சிறிய சக்தியை அந்த இருபது எதிரொலிகளும் பங்குபோட்டு எடுத்துக்கொண்டு வருகின்றன. எனவே முதலில் வரும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால், வந்த சக்தியில் பெரும்பகுதி வீண்.

இங்கேதான் ரேக் ரிசீவர் வருகிறது. 1958ல் பிரைஸும் கிரீனும் வெளியிட்ட யோசனை. குப்பை வாரும் பல்வாரியின் பற்கள்போல ஒவ்வொரு எதிரொலிக்கும் ஒரு விரல் (தனியாகப் பிடிக்கும் பகுதி) வைத்து, அதன் தாமதத்தைச் சரிக்கட்டி, பலத்துக்குத் தக்கபடி எடைபோட்டு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்வது. அல்ட்ரா வைட்பேண்டில் எதிரொலி அதிகம் என்பதால் எல்லாவற்றுக்கும் விரல் வைத்துக் கட்டுப்படியாகாது. பலமானவற்றைத் தேடிப்பிடிப்பது ஒரு வழி, முதலில் வரும் சிலவற்றை மட்டும் எடுப்பது இன்னொரு வழி. பின்னது மலிவு, முன்னது அதிக சக்தியைச் சேர்த்துத் தரும். ஆனால் எத்தனை விரல் வைத்தாலும், முந்தின பிட்டின் வால் இந்த பிட்டில் கலப்பதை ரேக் நீக்காது. சிக்னலைக் கூட்டித் தரும், கலப்படத்தையும் சேர்த்தே தரும். வேகம் கூடினால், எவ்வளவுதான் சிக்னல் பலம் ஏற்றினாலும் பிழை ஒரு அளவுக்குக் கீழே இறங்காமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு, கலந்து வந்ததைப் பிரிக்கும் ஈக்வலைசர் போட்டே ஆகவேண்டும்.

ஈக்வலைசர் என்றதும் பாட்டுப் பெட்டியில் பேஸ், டிரெபிள் ஏற்றி இறக்கும் குமிழ்தான் பலருக்கு நினைவு வரும். இதுவும் அந்தக் குடும்பம்தான், ஆனால் குமிழைத் திருப்ப ஆள் கிடையாது, தானே திருப்பிக்கொள்ளும். மேலே சொன்ன 3 மீட்டர் எதிரொலி ஒன்றே பலமாக இருந்தால், அலைவரிசையில் 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஐந்து பள்ளம். எல்லாப் பள்ளத்தையும் மட்டமாக நிரப்பிவிடு என்று கணக்குப் போட்டால் அது ஜீரோ ஃபோர்சிங் முறை. கேட்க அழகாக இருக்கும். ஆனால் பள்ளத்தில் சிக்னல் இல்லை, இரைச்சல்தான் இருக்கிறது. தூக்கிவிட்டால் அந்த இரைச்சல்தான் பெரிதாகும். அதனால் பள்ளத்தைப் பாதி நிரப்பி, மிச்சக் கலப்படத்தைப் பொறுத்துக்கொள்வது மேல் என்று சொல்வது எம்எம்எஸ்இ முறை. நான் பார்த்தவரையில் வேலைக்கு ஆவது இதுதான். இன்னொன்று, தீர்மானித்த பிட்டுகளை வைத்துக்கொண்டு, அவற்றின் வால் இப்போது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுக் கழிப்பது. டிஎஃப்இ என்பார்கள். இரைச்சலைக் கூட்டாது, ஆனால் ஒரு பிட்டைத் தப்பாகத் தீர்மானித்துவிட்டால் தப்பான வாலையே கழிக்கும், அடுத்த நாலைந்தும் சேர்ந்து கெடும்.

இது ஒன்றும் நேற்று முளைத்த வித்தையல்ல. 1960ல் விட்ரோவும் ஹாஃபும் எல்எம்எஸ் என்ற, பிழையைப் பார்த்து எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்தும் எளிய முறையைச் சொன்னார்கள். 1965ல் பெல் ஆய்வகத்தில் லக்கி என்பவர் டெலிபோன் லைனுக்குத் தானே பழகிக்கொள்ளும் ஈக்வலைசர் செய்து காட்டினார். டயல்-அப் இன்டர்நெட் காலத்தில் மோடம் "கீச், கர்ர்" என்று கத்தியது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்தில் ஒரு பகுதி, இரு பக்கமும் முன்கூட்டியே தெரிந்த சிக்னலை அனுப்பி ஈக்வலைசரைப் பழக்குவதுதான். அல்ட்ரா வைட்பேண்ட் பாக்கெட்டின் தொடக்கத்திலும் இதேபோல முன்பே தெரிந்த ஒரு வரிசை வரும், காதில்தான் கேட்காது.

கோபுரத்துக்குக் கோபுரம் ரேடியோவில் இணைக்கும் எங்கள் மைக்ரோவேவ் லிங்க்குகளிலும் ஈக்வலைசர் கார்டு உண்டு. நாஞ்சில் நாட்டு வயல்வெளிமேல் காற்று அசையாமல் ஈரத்தோடு கிடக்கும் விடியற்காலைகளில்தான் அலாரம் அடிக்கும். காற்று அடுக்குகளில் வளைந்து வரும் இரண்டாவது அலை நேர் அலையோடு மோதும். வெயில் ஏறியதும் எதுவும் நடக்காததுபோல எல்லாம் சரியாகிவிடும், மேலதிகாரி வந்து பார்க்கும்போது பச்சை விளக்குதான் எரியும். இந்த மாதிரி லிங்க்குகளுக்கு ரம்லர் என்ற பெல் ஆய்வகத்துக்காரர் தாமதத்தை 6.3 நானோசெகண்ட் என்று நிறுத்தி வைத்துக் கணக்குப் போட்டார். எங்கள் சேனல் சில பத்து மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். இரண்டு அலை, சில நானோசெகண்ட், அதற்கே அந்தப் பாடு. இங்கே 500 மெகாஹெர்ட்ஸ், இருபது முப்பது அலை. சிக்னலை எண்ணாக மாற்றுவதற்கே விநாடிக்கு 100 கோடி மாதிரி எடுக்க வேண்டியிருக்கும், பிறகு ஒவ்வொன்றையும் பல எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பேட்டரி அங்கேதான் தீர்கிறது. அனுப்பும் பக்கம் அரை மில்லிவாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள், வாங்கும் பக்கம் அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு செலவாவதைக் கண்டுகொள்வதில்லை.

இந்தச் சுமையைக் குறைக்க ஒரு கூட்டம் வேறு பாதையில் போனது. 528 மெகாஹெர்ட்ஸை 128 சிறு அலைகளாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு சின்னத்துக்கும் (ஒரே வீச்சில் அனுப்பும் தகவல் துண்டு) பின்னால் 60.6 நானோசெகண்ட் வெற்றிடம் விட்டால், எதிரொலி அந்த இடைவெளியிலேயே அடங்கிவிடும்; ஒவ்வொரு சிறு அலைக்கும் ஒரே ஒரு பெருக்கல் போதும். நல்ல யோசனைதான். இதற்கும் நேரடிப் பல்ஸ்காரர்களுக்கும் நடந்த சண்டை தீராமல், 802.15.3ஏ குழுவே 2006ல் கலைந்தது. கம்பியில்லா யுஎஸ்பி என்று 480 மெகாபிட் வேகத்தில் வந்த பொருள்கள் சந்தையில் நிலைக்கவில்லை.

இப்போது நம் கையில் இருக்கும் வில்லைகளும் சாவிகளும் 2007ல் வந்த 802.15.4ஏ, 2020ல் வந்த 4இசட் வழியைச் சேர்ந்தவை. வேகத்தை விட்டுக்கொடுத்து, தூரம் அளப்பதைப் பிடித்துக்கொண்ட வழி. விநாடிக்கு எட்டரை லட்சம் பிட் வேகத்தில் ஒரு சின்னம் 1025 நானோசெகண்ட் நீளம். எதிரொலி அடங்க வேண்டிய அளவு இடம் இருக்கிறது. கட்டுரையாளர் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்றால், தகவல் அனுப்புவதைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் தூரம் அளப்பது தனிக் கதை. அங்கே ரிசீவர் தெரிந்த வரிசையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த எதிரொலி எப்போது வந்தது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்கிறது. அதில் முதலில் தலைகாட்டுவது எது என்பதே கேள்வி. பலமானது எது என்பது அல்ல. முதல் அலை பலவீனமாக வந்து, பத்து நானோசெகண்ட் கழித்து வரும் எதிரொலி பலமாக இருந்தால், ஏமாந்த ரிசீவர் 3 மீட்டர் கூட்டிச் சொல்லும். எதிரொலியிடம் ஏமாந்தால் கூட்டித்தான் சொல்லும், குறைத்துச் சொல்லாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் என் மருமகன் ஒரு அண்டியாபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) நடத்துகிறான். தரம் பிரித்த பருப்பு எந்த வண்டியில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு நிறுவனத்திடமிருந்து இந்த வில்லைகளை வாங்கி டிராலிகளில் மாட்டினான். 10 சென்டிமீட்டர் துல்லியம் என்று விற்பனைத் தாளில் போட்டிருந்தது. பருப்பை உலர்த்தும் போர்மா அடுப்புப் பக்கம் ஒழுங்காகக் காட்டியது. பேக்கிங் அறையில்தான் வம்பு. அங்கே தகர டின்களைத் தோள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள், மேலே தகரக் கூரை, நடுவில் எவர்சில்வர் மேசைகள். டபிள்யூ 320 தரப் பருப்பு ஏற்றிய டிராலி டின் அடுக்குக்குப் பின்னால் போனதும் திரையில் புள்ளி மெல்ல நகர்ந்து, சுவரைத் தாண்டி, முற்றத்துக்குப் போய்விட்டது. "சாரே, வண்டி கிணத்துக்குள்ள கெடக்குன்னு காட்டுது, கயிறு எடுத்துட்டு வரட்டா?" என்று தரம்பிரிக்கும் அம்மா ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. மருமகனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, பணம் போட்டவன் அவன்.

மாட்ட வந்த பையனைக் கேட்டால், "அடுத்த அப்டேட்ல ஈக்வலைசர் இதையெல்லாம் சரி பண்ணிடும் சார்" என்றான். அவன்மேல் குறை இல்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் ஈக்வலைசர் கலந்து வந்ததைப் பிரிக்கும், வராததை வரவழைக்காது. தகரத்தை ரேடியோ அலை ஊடுருவாது. நேர் அலை டின் அடுக்கோடு நின்றுபோய், கூரையில் பட்ட அலை மட்டும் வந்தால், எந்தக் கணக்குப் போட்டாலும் நேர் தூரம் அதிலிருந்து கிடைக்காது. சில கருவிகள், வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்து இந்த அளவு சந்தேகத்துக்குரியது என்று ஒதுக்கிவிடும். அது நல்ல பழக்கம், ஆனால் ஒதுக்கிய பிறகு மிச்சமிருக்கும் அளவுகள் போதுமானதாக இருக்க வேண்டுமே. கடைசியில் செய்தது இதுதான்: வில்லைகள் இருக்கும் தூரத்தை அளக்க, சுவரில் தாழ்வாக அறைந்திருந்த நிலைக்கருவிகளைக் கூரை உத்தரத்துக்கு ஏற்றி, டின் அடுக்கை மேலிருந்து பார்க்கும்படி எதிர் மூலையில் இன்னொன்று வைத்தோம். புள்ளி கிணற்றிலிருந்து ஏறி அறைக்குள் வந்துவிட்டது. 10 சென்டிமீட்டர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிகிறது; மருமகனுக்கு அது போதும்.

இதையெல்லாம் எழுதக் காரணம், இந்த மாவட்டத்தில் அண்டியாபீஸ், ரப்பர் ஷீட் குடோன், வலைக் கம்பெனி, ஐஸ் பிளான்ட் என்று இதை வாங்கப்போகிறவர்கள் இனி கூடத்தான் போகிறார்கள். பத்திரிகையில் எதிரொலி பாதிக்காது என்று படித்துவிட்டு விற்பனைத் தாளைப் பார்க்கிறவர் வேறு கேள்வி எதுவும் கேட்க மாட்டார். காலி அறையில் செய்து காட்டும் சோதனைக்குக் கையெழுத்துப் போடாமல், சரக்கு முழுதாக அடுக்கி, ஆட்கள் நடமாடும் நேரத்தில் காட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வரி நீங்கள் எழுதினால் பலருக்குப் பணம் மிஞ்சும்.

நம் பொறியியல் கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ரேக், எம்எம்எஸ்இ எல்லாம் மாணவர்கள் கம்ப்யூட்டரில் அழகாக ஓட்டிக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் காட்டிய புராஜெக்டைப் பார்த்தேன், வளைகோடுகள் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இறங்குகின்றன. இறங்காமல் என்ன செய்யும், சேனலும் புத்தகத்திலிருந்து எடுத்ததுதானே. அந்த மாதிரிகள் பெரும்பாலும் மேலைநாட்டு வீடுகளிலும் அலுவலகங்களிலும் அளந்தவை. மண்சுவர் ஓட்டு வீட்டில், தகரக் கூரை அண்டியாபீஸில், இரும்புப் படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடக்கும் சின்னமுட்டம் துறைமுகத்தில் எதிரொலி எப்படி விழுகிறது என்று போய் அளந்தால் அது புதுச் சரக்காக இருக்கும். இப்போது விற்கும் சின்னச் சிப்புகளில் சில அந்த எதிரொலி வரைபடத்தை வெளியே எடுத்துத் தருகின்றன, பெரிய செலவு ஆகாது. மருமகனிடம் கேட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது, பேக்கிங் அறையைத் திறந்துவிடுவான். டின்களை மட்டும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வர வேண்டும்.

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக அறிவித்திருக்கிறார். அதில் கார் சாவியைப் பற்றி வருமென்றால், முதல் அலையைக் கண்டுபிடிப்பதில் ஏமாற்றி, சாவி பக்கத்தில் இருப்பதாகக் காட்ட முடிந்தால் திருடன் காரையே திறந்துவிடலாம் என்பதையும், 4இசட் தரத்தில் இதற்காகவே யாரும் ஊகிக்க முடியாத பல்ஸ் வரிசை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் அவர் விட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரான்ஸ்மிஷன் ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்